கருவேலத்தில் கழற்றி மாட்டும் வில்

5 அடி 8 அங்குல வில்லுக்கு ஒரே நீளத்தில் நேரான கருவேலங்கட்டை செட்டிநாட்டுப் பக்கம் லேசில் அகப்படாது. மூன்றடி நேராகக் கிடைக்கும். நடுவில் இரும்புக் குழாய் வைத்து இரண்டு துண்டாகச் செய்வதே இங்கே தோது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்கும் பழைய தேக்குச் சட்டத்துக்கு ஆசைப்படாதீர்கள். ஆணித்துளையும் உள்வெடிப்பும் இருந்தால் இழுவையில் முறியும்.

ஒரே கட்டையை ஆப்பு வைத்துப் பிளந்து, ஒட்டியிருந்த இரு துண்டுகளை எடுங்கள். முனைகளில் பெயிண்ட் அடித்து, முற்றத்து வெயில் படாமல் வளவு நிழலில் காயவிடுங்கள். வாரமொருமுறை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றபின் உளியைத் தொடலாம். ஈரக்கட்டை வளைந்தபடியே நின்றுவிடும்.

துண்டு ஒவ்வொன்றும் 34 அங்குலம். பட்டையை உரித்ததும் தெரியும் முகம்தான் வில்லின் முதுகு. அதில் ஒரு கீறலும் விழக்கூடாது. செதுக்குவதெல்லாம் அதற்கு எதிரே, நாண் பக்கமுள்ள வயிற்றில்தான். அகலம் பாதி நீளம்வரை 4 செ.மீ., பிறகு நுனியில் 1.2 செ.மீ.

குழாய் 12 செ.மீ. நீளம், துண்டுக்கு 6 செ.மீ. உள்ளே போகும். குழாய் வட்டமாக இருந்தால் மரம் அதற்குள் சுழலும். வைஸில் லேசாக நசுக்கி முட்டை வடிவாக்குங்கள். ஒரு பக்கத்தை அரால்டைட்டால் நிரந்தரமாக ஒட்டுங்கள். மறுபக்கம் குழாயின் உள்ளே மெழுகு தடவி, அரால்டைட்டில் நனைத்த நூலை மரத்தில் சுற்றி, குழாய்க்குள் செருகி இறுகவிட்டால் அச்சாகப் பொருந்தும். நுனிக்கு நுனி நூல் பிடித்தால் அது கைப்பிடி நடுவே போக வேண்டும். இதை முடிக்காமல் வளைவு பார்க்க உட்காராதீர்கள்: குழாய் ஆடினால் மரம் வளைவதாகத் தோன்றும், தப்பான இடத்தைச் சுரண்டுவீர்கள். குழாய் வாயிலிருந்து 5 செ.மீ. வரை தடிப்பை மெல்லச் சரித்துக் குறையுங்கள். வில் முறிந்தால் பெரும்பாலும் அங்கேதான்.

இனி வளைவுப் பதம், அதாவது வில்லின் இரு பக்கமும் சீராக வளையும்படி செய்வது. நீள நாணைத் தளர்வாக மாட்டி, சுவரில் கைப்பிடியைப் பொருத்தி, கப்பி வழியாகக் கயிற்றால் தள்ளிநின்று இழுங்கள். இடையில் தொங்கு தராசு ஒன்று. முதலில் ஒரு சாண் அளவு போதும். விறைப்பாக நிற்கும் இடத்தில் பென்சில் குறியிட்டு அங்கே மட்டும் சுரண்டுங்கள். ஒவ்வொரு முறை சுரண்டியபின்னும் 30 தடவை இழுத்தால்தான் மரம் மாற்றத்தைக் காட்டும். ஓரிடம் கீல்போல் மடிந்தால் அதைத் தொடாமல் அதன் இருபுறமும் குறையுங்கள். உங்கள் இலக்கு 28 அங்குலம் இழுக்கும்போது 16 கிலோ என்றால், தராசு எந்த நீளத்திலும் 16-ஐத் தாண்டக்கூடாது. முன்னதாகவே 16 வந்தால் நிறுத்தி, வில்லின் இரு கையையும் (கைப்பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதி) முழு நீளத்துக்குச் சீராக மெலியுங்கள்.

பிறகு கைப்பிடிக்கும் நாணுக்கும் 6 அங்குல இடைவெளி இருக்கும்படி நாணை ஏற்றுங்கள். நாணுக்கும் மரத்துக்குமான இடைவெளி மேல்கையில் 3 முதல் 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். மேல், கீழ் என்று அடையாளமும் இடுங்கள். மாற்றி மாட்டினால் பதம் கெடும்.

அம்பில்லாமல் நாணை விடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் பூசி, கழற்றி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாய்க்குள் துரு ஏறும், மெழுகு தேவை.