வான்கோழிக் குஞ்சைக் கோழியோடு விடுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லையில் ஏற்கெனவே நாட்டுக்கோழி இருக்கும். சந்தையில் வான்கோழிக் குஞ்சு கண்ணில் பட்டதும் பத்து உருப்படி வாங்கிவந்து அதே கொட்டகையில் விட்டுவிடுவார்கள். இரண்டு மாதத்தில் கோழிகள் திடமாக மேயும், வான்கோழி ஒன்றிரண்டு மிஞ்சும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வருடா வருடம் இதையே செய்கிறார்கள். கூண்டைச் சுத்தமாக வையுங்கள், நாயை அண்டவிடாதீர்கள் என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை.

ஒரே நாளில் அடை வைப்பது

கோழி முட்டை பொரிய 21 நாள், வான்கோழி முட்டைக்கு 28. இரண்டையும் ஒன்றாக வைத்தால், கோழிக்குஞ்சு வந்ததும் தாய் எழுந்து மேய்க்கப் போய்விடும். மிச்ச முட்டை குளிர்ந்து வீணாகும். வான்கோழி முட்டையை 7 நாள் முன்னதாக வையுங்கள். நாட்டுக்கோழிக்கு ஐந்தாறு வான்கோழி முட்டை போதும்.

தானாகத் தின்னும் என்று விடுவது

வான்கோழிக் குஞ்சுக்கு முதல் சில நாள் பார்வை மந்தம். தீவனத்தின் மேல் நின்றுகொண்டே பட்டினியில் சாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால், 10 குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை என 15 நாள் வரை கொடுங்கள். பால் தண்ணீர் வெயிலில் புளித்துவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். தண்ணீர்த் தட்டில் வண்ணக் கோலிக்குண்டு போட்டால் பளபளப்பைக் கொத்த வந்து குடிக்கப் பழகும். இன்குபேட்டரில் பொரித்த ஒருநாள் கோழிக்குஞ்சு ஒன்றிரண்டைக் கூடவிட்டால், அதைப் பார்த்து இவையும் கொத்தும். சேர்த்து வளர்ப்பதில் ஆதாயம் இவ்வளவுதான்.

கோழி கிளறிய மண்ணில் இறக்குவது

எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இது. கோழியின் குருட்டுக்குடலில் ஒரு சிறு புழு இருக்கும். அதன் முட்டைக்குள் ஒளிந்து வருகிற ஒற்றைச்செல் கிருமிதான் கருந்தலை நோயைத் தருகிறது. கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எச்சத்தில் புழுமுட்டையைப் போட்டபடி திரியும். அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கெடாது. மண்புழுவும் அதை விழுங்கி வைத்திருக்கும். குஞ்சுக்கு மண்புழு என்றால் கேட்கவே வேண்டாம். நாட்டுக்கோழித் தாய் வான்கோழிக் குஞ்சுகளைக் குப்பைமேட்டுக்குக் கூட்டிப்போய்ச் சீய்த்துக் கொடுப்பது பார்க்க அழகுதான், நோயும் அங்கேதான் தொற்றுகிறது.

தொற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் குஞ்சு சிறகைத் தொங்கப்போட்டுத் தனியே நிற்கும், எச்சம் கந்தக மஞ்சளாகப் போகும். உடனே வெள்ளைக்கழிச்சல் என்று முடிவுகட்டி மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் கோழியும் விழும். கோழிகள் நன்றாயிருக்க வான்கோழி மட்டும் செத்தால், செத்ததை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: கல்லீரலில் வட்ட வட்டமாகக் குழிந்த புள்ளிகள், தடித்த குருட்டுக்குடலுக்குள் பாலாடைக்கட்டி போன்ற பொருள் தெரியும். தலை கறுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், பல பறவைகளுக்குக் கறுப்பதே இல்லை. நோயுற்றதை அன்றே பிரித்துவிட வேண்டும். வான்கோழிக்குள் புழு இல்லாமலும் நேராகப் பரவும்.

கோழி சில வருடமாக நடமாடாத இடத்தை வான்கோழிக்கு ஒதுக்குங்கள். இடமில்லையென்றால் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் கம்பிவலைத் தரை போட்ட கூண்டு. கோழிக் கொட்டகையில் புழங்கிய செருப்பு, மண்வெட்டி இங்கே வரக்கூடாது. புழு நீக்கம் கோழிக்கும் செய்ய வேண்டும். பைப்பரசின் என்ற புழு மருந்து பெரிய உருண்டைப் புழுவைத்தான் வெளியேற்றும், இந்தப் புழுவிடம் சரியாகப் பலிக்காது. ஃபென்பென்டசோல் மருந்து பலிக்கும். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அதுவும் புழுவைத்தான் கொல்லும். நோய் வந்துவிட்ட வான்கோழியைக் காப்பாற்றாது.

கோழிக்குஞ்சுத் தீவனம்

வான்கோழிக் குஞ்சுக்கு முதல் மாதம் 28 சதவீதப் புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீதம் அளவில்தான் இருக்கும். வளர்ச்சி குன்றும், கால் தளரும். விளக்கு போட்டுக் குஞ்சு வளர்க்கும் பெட்டியில் கூட இருக்கும் கோழிக்குஞ்சு வான்கோழித் தீவனத்தைச் சில வாரம் தின்பதால் கெடுதல் இல்லை.

முட்டைக்கோழித் தீவனம்

சுண்ணாம்புச்சத்து அதிகம், இரண்டு குஞ்சுக்கும் சிறுநீரகம் போகும்.

பெட்டிக்குள் செய்தித்தாள்

வழுக்கிக் கால் விரியும். சாக்கு போடுங்கள்.

பல்பை எரியவிட்டு மறப்பது

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரம் 3 டிகிரி குறைக்க வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு.