ஆர்.டி.ஐ. மேல்முறையீடு: நாள் கணக்கில் கோட்டை விடும் இடங்கள்

நெல்லை மாவட்டம் மானூர்ப் பக்கம் ஒருவர், ஊர்க் குளத்தில் எவ்வளவு ஆக்கிரமிப்பு என்று பார்க்க அ-பதிவேட்டு (ஊரின் நில விவரப் பதிவேடு) நகல் கேட்டு ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமை மனு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனு தாலுகா ஆபீஸில் ஜூன் 3 அன்று சேர்கிறது. ஜூலை 3 வரை பதில் இல்லை. "ஜமாபந்தி வேலையில் கிடப்பாங்க, வரும்" என்று காத்திருக்கிறார். அப்புறம் ஒரு நினைவூட்டல் கடிதம் போடுகிறார்.

பெரும்பாலான மனுக்கள் வீணாவது இங்கேதான். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்படி 30 நாளில் பதில் வராவிட்டால், மறுத்ததாகவே கணக்கு. அங்கிருந்து அடுத்த 30 நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 2-க்குள், முதல் மேல்முறையீடு போட வேண்டும். எத்தனை நினைவூட்டல் போட்டாலும் இந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது.

பதில் வந்து அது திருப்தியில்லை என்றால், கடிதத்தில் போட்ட தேதியிலிருந்து எண்ணக் கூடாது. கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் கையெழுத்தான கடிதம் திசையன்விளைக்கு எப்போது வந்தது என்பதற்குத் தபால் முத்திரை விழுந்த உறைதான் சாட்சி. நம்மில் பலர் முதலில் கிழித்துப் போடுவதே அதைத்தான்!

நெல்லையிலிருந்து பிரிந்து தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதால் இன்னொரு குழப்பம் உண்டு. பழைய கோப்பு தென்காசியில் இருந்தால், நெல்லை அலுவலகம் 5 நாளுக்குள் மனுவை அங்கே மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். நகலுக்குக் கட்டணம் கேட்டால் உடனே கட்டிவிடுங்கள். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து பணம் கட்டும் வரை உள்ள நாட்கள் அவர்களுடைய 30 நாளில் சேராது.

முதல் மேல்முறையீட்டை விசாரிக்கும் மேலதிகாரிக்கு, அதாவது முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு, 30 நாள். காரணம் எழுதினால் 45 வரை. அவரும் வாய் திறக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும். தாமதமானால் காரணத்தை ஆதாரத்தோடு எழுதுங்கள், ஏற்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

சரி, ஆணையம் தகவல் கொடுக்கச் சொல்லிவிட்டது, அரசு அதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகிறது. "கேஸ் போட்டாச்சு, இனி ஒண்ணும் நடக்காது" என்று மனுதாரர் ஒதுங்கிக்கொள்கிறார். இது வடிகட்டின தவறு. வழக்கு போட்டதே தடையாணை ஆகாது. நீதிமன்றம் தடை கொடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆணைய உத்தரவை எதிர்த்த ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்று சட்டத்தில் கெடு இல்லை; ஆனாலும் விளக்கமில்லாத தாமதத்தைக் காட்டி நீங்கள் எதிர்க்கலாம். தனி நீதிபதியின் தீர்ப்புக்கு எதிரான ரிட் மேல்முறையீட்டுக்கு 30 நாள், உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பு நகலுக்குக் காத்திருந்த நாட்கள் மட்டும் கழியும்.

கெடு தாண்டினால் அரசு, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனுவும் சேர்த்தே போடும். கோப்பு ஒவ்வொரு மேசையாகப் போய் வந்தது என்பதே அதில் வழக்கமான காரணம். அஞ்சல் துறைக்கும் லிவிங் மீடியா நிறுவனத்துக்குமான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சாக்கை ஏற்கவில்லை. அரசுக்கென்று தனிக் கெடு கிடையாது என்றது. எதிருரை, அதாவது அந்த மனுவுக்கு உங்கள் பதில், போடாமல் விட்டால் இதை எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. தீர்ப்பு நகல் துறைக்கு என்று வந்தது, கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று கேட்டு அதே சட்டத்தில் இன்னொரு மனு போடுங்கள். வரும் பதிலை எதிருரையோடு இணைக்கலாம்.