அப்பா ஆடிய சீசனைத் தோண்டி எடுப்பது எப்படி

எங்கள் பெரம்பூர் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் கல்லூரி ஃபுட்பால் டீம் குரூப் போட்டோ ஒன்று. கீழே உட்கார்ந்த பையன் மடியில் பந்து. அதில் சாக்பீஸால் 1948-49 என்று எழுதியிருக்கிறது. அப்பா பின்வரிசையில் ஓரமாக நிற்கிறார். "ஃபைனல்ல மூணு கோலும் உங்கப்பா கால்லேர்ந்துதான்" என்பார் சித்தப்பா. அதைச் சரிபார்க்கப் போய்த்தான் இந்த வேலை எனக்குப் பழகியது.

முதலில் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றுங்கள். அடி அட்டையில் பெயர்கள் அச்சாகியிருக்கும், சட்டம் மறைத்திருக்கும். எங்கள் படத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. கால்களையும் பாருங்கள். நாலு பேருக்குத்தான் பூட்ஸ். அப்பாவுக்குக் கணுக்காலில் துணிக்கட்டு மட்டும். ஐயோ பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 2-1 என்று தோற்ற இந்திய அணியிலும் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள்.

அடுத்து கல்லூரி ஆண்டு மலர். என்னை மூன்று தடவை அலையவிட்டு, நாலாவது தடவை பீரோ மேலிருந்து தூசி தட்டிக் கொடுத்தார்கள். ஜெயித்த ஆட்டத்துக்கு அதில் அரைப் பக்கம். தோற்றது 'துரதிர்ஷ்டவசமாக' என்பதோடு சரி. அதனால் தேதியையும் எதிரணியையும் மட்டும் குறித்துக்கொண்டு எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள்.

பேனா வேண்டாம், பென்சில் போதும். பழைய தாள் அப்பளம் மாதிரி. நுனியைப் பிடித்துத் திருப்பினால் கையோடு வந்துவிடும். அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் திருப்புங்கள். 'தி இந்து'வில் 1958 தொடக்கம் வரை முதல் பக்கம் விளம்பரம்தான், நேரே உள்ளே போய்விடுங்கள். மறுநாள் இதழில் ஆட்டம் இல்லையா, அதற்கும் மறுநாள் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழையில் தள்ளிப்போயிருக்கவும் கூடும்.

சூட்சுமம் அணிப் பட்டியலைப் படிப்பதில் இருக்கிறது. அது 2-3-5 காலம். முதலில் கோலி, பிறகு பின்னால் தடுக்கும் இரண்டு பேக், நடுவில் மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து ஃபார்வர்ட். ஒவ்வொரு வரிசையும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகும். கடைசிப் பெயர் லெஃப்ட் அவுட், அதாவது முன்வரிசையில் இடது ஓரத்தில் ஆடுபவர். மஞ்சள், சிவப்பு கார்டைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அவை 1970 உலகக் கோப்பையில்தான் வந்தன. இனிஷியலை விடாமல் எழுதுங்கள். எங்கள் டீமில் இரண்டு கிருஷ்ணன், ஒருவர் போட்ட கோலை இன்னொருவர் கணக்கில் எழுதி ஒரு வாரம் குழம்பினேன்.

ஃபைனல் செய்தி ஏழே வரி. 2-1. இரண்டையும் போட்டவர் சென்டர் ஃபார்வர்ட். இரண்டாவது கோல் இடது ஓரத்திலிருந்து வந்த கிராஸில் விழுந்தது என்று இருக்கிறது, கொடுத்தவர் பெயர் இல்லை. பட்டியலில் கடைசிப் பெயர் அப்பாவுடையது.

சித்தப்பாவுக்குத் தொண்ணூறு ஆகப்போகிறது. நோட்டை அவரிடம் இன்னும் காட்டவில்லை.