எடை குறைக்கும்போது கொழுப்பை எங்கே வைப்பது: மலையகச் சமையலறைக்கு ஒரு செய்முறை

எடை குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது எண்ணெய்ப் போத்தலில். அடுத்தது தேங்காய், அதற்கடுத்தது முட்டையின் மஞ்சள் கரு. இரண்டு கிழமை அவித்த கோவாவும் பருப்புத் தண்ணியுமாகத் தள்ளிவிட்டு, மூன்றாம் கிழமை பின்னேரப் பசி தாங்காமல் பஸ் ஸ்டாண்ட் கடையில் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிடுவார்கள். அத்தோடு முயற்சி முடிந்துவிடும். நானும் தங்கையும் எடையைக் குறைத்தது கொழுப்பை விலக்கி அல்ல, அதை இடம் மாற்றி வைத்து. அந்த முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். நாளுக்கு 1500 கலோரி என்ற இந்தக் கணக்கு மேசை வேலை, கடை வேலை, தையல் வேலை பார்க்கிற பெரியவர்களுக்கு. பகல் முழுக்க மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுப்பவருக்கு 1500 கலோரி எந்த மூலைக்கு? தோட்டங்களில் எடை குறைந்தும் இரத்தச்சோகையோடும் இருக்கிற பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இதைக் காட்டி “குறைத்துச் சாப்பிடு” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டே உணவை மாற்றுங்கள்.

படி 1: உங்கள் அளவைப் பிடியுங்கள்

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாச்சத்திலும் புரதத்திலும் 4. எல்லோரும் முதலில் கொழுப்பை வெட்டுவது இதனால்தான். ஆனால் அடியோடு வெட்டினால் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத கொழுப்பமிலங்கள் கிடைக்காது. ஏ, டி, ஈ, கே விற்றமின்கள் உள்ளே சேரவும் கொழுப்பு வேண்டும். நுவரெலியா கேரட்டையும் வல்லாரையையும் தட்டு நிறையச் சாப்பிட்டாலும், கூட ஒரு துளி கொழுப்பு இல்லையென்றால் அவற்றிலுள்ள கரோட்டினில் பெரும்பங்கு வீண். சாப்பாடு வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கிப் பசி தள்ளிப்போவதும் கொழுப்பால்தான்.

உலக சுகாதார அமைப்பு சொல்லும் மேல் எல்லை, மொத்தக் கலோரியில் 30 சதவீதம். நிறைவுற்ற கொழுப்பு (கூடினால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றும் வகை) 10 சதவீதத்தையும், டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயை அரைகுறையாக ஹைட்ரஜனேற்றும்போது உண்டாகும் வகை) 1 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. கீழ் எல்லையாக நான் வைத்திருப்பது 20 சதவீதம். நாளுக்கு 1500 கலோரி என்றால் 33 கிராமிலிருந்து 50 கிராம் வரை கொழுப்பு. அதில் நிறைவுற்றது 16 கிராமுக்குள். இந்த மூன்று எண்களையும் ஒரு துண்டில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

படி 2: தேங்காயைத் தேடிப் பிடியுங்கள்

நம் சமையலில் தேங்காய் ஒரே நாளில் நான்கு வழியாக வரும்: ரொட்டி மாவுக்குள், சம்பலில், கறிக்கு ஊற்றும் பாலில், தாளிக்கிற எண்ணெயில். தனித்தனியே பார்த்தால் கொஞ்சம்தான். கூட்டிப் பார்த்தால் 16 கிராம் எல்லை காலைச் சாப்பாட்டோடு போய்விடும். 100 கிராம் துருவிய தேங்காயில் 33 கிராம் கொழுப்பு, பெரும்பாலும் நிறைவுற்றது. கெட்டியான முதல் பால் அரைக் கப்பே 20 கிராம் அளவுக்குக் கொண்டுபோய்விடும்.

தேங்காயை விடச் சொல்லவில்லை. அதற்கு ஒரே இடம் கொடுங்கள், அந்த இடம் கீரையாக இருக்கட்டும். வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணிச் சுண்டல், துருவிய கேரட் எதுவானாலும் ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ போடுங்கள். அது ஏறக்குறைய 4 கிராம் கொழுப்பு. கீரையின் சத்தை உடம்பில் சேர்ப்பதற்கு அங்கேதான் அது தேவை. பருப்புக்குப் பால் வேண்டாம். சீரகமும் உள்ளியும் தட்டிப் போட்டுக் குழைய வேகவைத்தால் பருப்பே கெட்டியாகிவிடும். சொதி இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள் வீட்டில் இரண்டாம் பால் மட்டும் ஊற்றுங்கள். ரொட்டிக்கும் தேங்காய் வேண்டும் என்பவர்கள் அதைப் பாதியாக்கி, மிச்சத்துக்கு வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் பிசைந்தால் போதும்.

வேர்ஜின் தேங்காய் எண்ணெய் என்று விலை கூட்டி விற்கிறார்களே, அதிலும் இதே நிறைவுற்ற கொழுப்புத்தான். எடை குறைக்க அதைத் தேடி வாங்க வேண்டாம்.

படி 3: எண்ணெயை அளப்பது (இதை நிதானமாக வாசியுங்கள்)

பலருக்குக் கணக்கு இடறுவது இங்கேதான், அதுவும் நம் ஊர்க் குளிரில். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கத்துச் சமையலறைகளில் விடியற்காலையில் போத்தலுக்குள் வெள்ளையாக இறுகிப்போய் நிற்கும். அதைக் கரண்டியால் சுரண்டி எடுத்தால் கரண்டிக்கு மேல் குவிந்து வரும். நாம் அதையும் “ஒரு தேக்கரண்டி” என்றே எண்ணிக்கொள்வோம். உருகிய எண்ணெய் மட்டமாக ஒரு தேக்கரண்டி 4.5 கிராம், 40 கலோரி. சுரண்டிய குவியலை என் தராசில் வைத்தால் 8 கிராமைத் தாண்டுகிறது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, இரவு ஒன்று என்று போனால் கணக்கில் வராமலே 10 கிராம் கொழுப்பு ஏறிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்ததும் கொஞ்சத்தை ஒரு பழைய கோப்பையில் ஊற்றிச் சற்று ஆறவிடுங்கள். எண்ணெயைச் சிறிய, வாயகன்ற போத்தலில் எடுத்து வைத்திருந்தால், அதை அந்த வெந்நீரில் நிறுத்திவிட்டு வெங்காயம் நறுக்கலாம். நறுக்கி முடிப்பதற்குள் ஓரம் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். நடுவில் வெள்ளைக் கட்டி மிதந்தால் இன்னும் பொறுங்கள். முழுக்கத் தெளிந்த பிறகு 5 மில்லிலீட்டர் அளவுக் கரண்டியால் மட்டமாக எடுங்கள். குளிர்ந்த கண்ணாடிப் போத்தலைக் கொதிக்கிற நீரில் வைக்காதீர்கள், வெடிக்கலாம்.

குடும்பத்துக்கே ஒரே சட்டியில் சமைக்கிறவர்கள் கிழமைக்கு ஒருமுறை அளந்தால் போதும். ஆளுக்கு நாளுக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் நான்கு பேருக்கு 40 மில்லிலீட்டர், ஏழு நாளைக்கு 280. ஞாயிற்றுக்கிழமை அதை வேறொரு போத்தலில் ஊற்றி வைத்து, அந்தக் கிழமைச் சமையலை அதற்குள் முடியுங்கள். பாதியைத் தேங்காய் எண்ணெயாகவும் பாதியை நல்லெண்ணெயாகவும் பிரித்தால் நிறைவுற்ற கொழுப்பு அடங்கும். நல்லெண்ணெய் குளிரில் உறையாது என்பது இன்னொரு வசதி. பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு வேண்டாம். வளர்கிற உடம்புக்குக் கொழுப்பு கூடத் தேவை, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இன்னும் முக்கியம்.

சாமான் விஷயத்தில் என் விருப்பம்: ஒரு எவர்சில்வர் அளவுக் கரண்டியும், கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசும். கலோரி எண்ணும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. சொதி எவ்வளவு கெட்டி, சம்பலில் எத்தனை பிடி தேங்காய் என்று அவற்றுக்குத் தெரியாது.

படி 4: காலியான இடத்தை நிரப்புங்கள்

தேங்காயைக் குறைத்துவிட்டு அப்படியே விட்டால் மறுபடி பசிதான்.

பட்டர்புரூட் (அவகாடோ): கண்டி, மாத்தளை, பதுளைப் பக்கம் வீட்டுத் தோட்டத்திலேயே காய்க்கிறது. 100 கிராம் சதையில் 15 கிராமுக்குக் கிட்டக் கொழுப்பு. பெரும்பகுதி இதயத்துக்கு நல்லதான ஒற்றை நிறைவுறாத வகை. சீனியும் டின்பாலும் போட்டு அடிக்காதீர்கள். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, மிளகு, தேசிக்காய்ப் புளி சேர்த்து மசித்து ரொட்டிக்குத் தொட்டுச் சாப்பிடுங்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் “அரைப் பழம்” சின்ன ரகத்துக்கு. நம் பழம் ஒன்றே அரைக் கிலோ வரும். அதனால் நிறுத்து 75 கிராம், மசித்தால் ஐந்து மேசைக்கரண்டி.

கச்சான் (நிலக்கடலை): மொனராகலைப் பக்கமிருந்து நமக்கு வருகிறது, முந்திரியைவிட மலிவு. மணலில் வறுத்த கச்சானை வாங்குங்கள், எண்ணெயில் பொரித்து மசாலா தூவியதை வேண்டாம். உள்ளங்கைக் குழிக்குள் அடங்கும் 20 கிராமில் 10 கிராம் கொழுப்பு.

மீன்: உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத கொழுப்பமில வகைகளில் ஒன்றான ஒமேகா-3 வேண்டுமென்றால் சாளையும் கும்பளாவும். லொறி வராத நாளில் டின்மீன் தாராளமாகப் போதும். உப்புத் தண்ணீரை வடித்துக் கழுவி, தக்காளியும் மிளகும் போட்டுப் பிரட்டுங்கள்.

ஒரு நாள் எப்படி இருக்கும்? காலையில் ஒரு சிறு ரொட்டியோடு பட்டர்புரூட் சம்பல் (11 கிராம்), அவித்த முட்டை ஒன்று (5). மத்தியானம் அளவான சோறு, பருப்பு, தேங்காய்ப்பூ போட்ட கீரை (4), ஒரு துண்டு மீன் (4). பின்னேரம் கச்சான் (10), பால்மா போட்ட தேத்தண்ணி ஒன்று (2 அல்லது 3). நாள் முழுச் சமையலுக்கும் எண்ணெய் 9. இரவுச் சாப்பாட்டில் இந்த எண்ணெய் தவிர மற்றதை எண்ணாமல் கூட்டினால் 45 கிராமை ஒட்டி வரும். பால் தேத்தண்ணியை இரண்டு மூன்று தடவை குடிப்பவர்கள் மற்றவற்றைச் சாயத் தேத்தண்ணியாக மாற்றுங்கள்.

பிறகு சேர்த்தவை

பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: “பீனட் பட்டர் போத்தலில் கொழுப்புக்குச் சிவப்புக் குறி இருக்கிறதே அக்கா, சாப்பிடலாமா?” அந்த நிறம் அளவைத்தான் சொல்லும், வகையைச் சொல்லாது. பின்பக்கத்தைப் பாருங்கள். கச்சானும் உப்பும் மட்டும் என்றால் நல்லது. சீனி, ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். மாஜரினுக்கும் அதே சோதனை.

எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மளமளவென்று எடை குறைந்தாலும், கொழுப்பே இல்லாமல் நாள்கணக்கில் சாப்பிட்டாலும் பித்தப்பையில் கல் வரலாம். இந்தப் பக்கத்தைப் பார்த்துச் சரிசெய்யப் பார்க்காமல் டொக்டரிடம் போய் ஸ்கேன் எடுங்கள்.

கச்சான் கசக்கிறது என்று பலர் சொன்னார்கள். நம் மூடுபனியில் ஈரம் இழுத்துச் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அதில் அஃப்ளாடொக்ஸின் என்ற நஞ்சு வரும், ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. கசந்தது, சுருங்கியது, கறுத்தது எல்லாவற்றையும் வீசிவிடுங்கள். மழைக்காலத்தில் கால் கிலோவுக்கு மேல் வாங்காமல், இறுக்கி மூடும் போத்தலில் போட்டு, காய்ந்த தட்டில் வையுங்கள்.