நெட்ஹேக்கில் ஒரே உயிரோடு தாக்குப்பிடிக்க

1987-இல் வந்த நெட்ஹேக் என்ற கணினி விளையாட்டில் செத்தால் செத்ததுதான். பழைய சேவ் கைகொடுக்காது. நான் ஆடிய வால்கிரி என்ற போர்வீராங்கனை ஒருத்தி, மிதக்கும் கண் என்ற அரக்கனை வாளால் வெட்டினாள். உடம்பு மரத்து நின்றவளைக் கேவலம் ஒரு நரி கடித்தே கொன்றது. அந்த நீலக் கண்ணை நெருங்காதீர்கள், தூரத்திலிருந்து கத்தி எறியுங்கள்.

உயிர்ப்புள்ளி ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் பிரார்த்தனை செய்யுங்கள், முழுசாக நிரம்பும். ஆனால் ஆட்டம் தொடங்கி 300 டர்னாவது (ஆட்ட முறை) தாண்டட்டும். அடுத்த வேண்டுதலுக்குச் சுமார் 1000 டர்ன் இடைவெளி விடுங்கள். நச்சரித்தால் சாமிக்குக் கோபம் வரும்.

ஆபத்து தெரிந்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். டர்ன் ஆட்டம்தானே, எதிரி காத்திருப்பான். பையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான் செத்த பாதித் தடவை, வேறிடத்துக்குத் தாவ வைக்கும் டெலிபோர்ட் சுருள் பைக்குள்ளேயே கிடந்தது.