மாடல் ரயில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: குமரிக்காரர்களுக்காக

மாடல் ரயில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது ஓடப்போகும் தண்டவாளம், அதற்குக் கரண்ட் தரும் கன்ட்ரோலர், அதை வைக்கப்போகும் அறை எல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வருகின்றன. பணம் வீணாவது அங்கேதான். நம் மாவட்டத்தில் அந்த அறைக்குள் வீசும் காற்றையும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும்.

அளவில் வரும் குழப்பத்தை முதலில் பார்ப்போம். எச்ஓ என்பது அசலில் 87-ல் ஒரு பங்கு, பிரிட்டிஷ் ஓஓ 76-ல் ஒரு பங்கு. இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான். அதனால் விற்பவர்கள் 'எச்ஓ/ஓஓ' என்று சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். பெட்டி தண்டவாளத்தில் ஏறும், ஓடும், உண்மைதான். ஆனால் ஒரே வண்டியை இரண்டு அளவிலும் செய்தால் ஓஓ ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு பெரிதாக வரும். ஒரே ரேக்கில், அதாவது ஒரே பெட்டித் தொடரில், கோத்தால் கண்ணை உறுத்தும்.

இந்திய வண்டிகளில் இன்னொரு விஷயமும் உண்டு. திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி பாதை 1979-ல் திறக்கப்பட்டபோதே அகலப்பாதை. இங்கே அகலம் குறைந்த மீட்டர் கேஜ் ஓடியதே இல்லை. அகலப்பாதையின் 1,676 மி.மீ. அளவை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம், 1,435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளுக்கானது. அதில் ஓடும் இந்திய எஞ்சினின் சக்கரங்கள் கொஞ்சம் உள்ளடங்கித்தான் நிற்கும். இதற்காக 19 மி.மீ. தண்டவாளம் தேடி அலையவேண்டாம். அந்த வழியில் போனால் சக்கரம் முதல் பாதை பிரியும் பாயிண்ட் வரை எல்லாவற்றையும் நாமே செய்யவேண்டி வரும்.

அடுத்தது நீளம். இப்போதைய எக்ஸ்பிரஸ் ரயில்களில் வரும் எல்எச்பி வகைப் பெட்டி சுமார் 23.5 மீட்டர், எச்ஓவில் 27 செ.மீ. ஸ்டார்ட்டர் செட்டுகளில் வரும் வளைவுகளுக்கு ஆரம் பெரும்பாலும் 36 செ.மீ.தான். வண்டி நீளத்தைப்போல இரண்டு மடங்கு ஆரம் இருந்தால் சமாளிக்கலாம், மூன்று மடங்கு இருந்தால் தடங்கலில்லாமல் ஓடும் என்பது பொதுவான கணக்கு. அதாவது குறைந்தது 54 செ.மீ. ஆரம், வட்டம் திரும்பவே ஒரு மீட்டருக்கு மேல் இடம். விவேக் எக்ஸ்பிரஸை முழுசாக ஓடவிட ஆசைப்பட்டு 22 பெட்டி வாங்கினால் ரேக் மட்டுமே 6 மீட்டர் வரும். நம் வீட்டு அறைகளில் அதற்கு இடம் ஏது? ஆறேழு பெட்டியோடு நாகர்கோவில் - கன்னியாகுமரி பாசஞ்சரை ஓட்டுவது எவ்வளவோ நிறைவாக இருக்கும். முழு ரேக்தான் வேண்டும் என்றால் 160-ல் ஒரு பங்கான 'என்' (N) அளவுக்குப் போய்விடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது வாங்கிவரச் சொல்வது இங்கே வழக்கம். அமெரிக்கச் செட்டாக இருந்தால் பவர் பேக்கின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்காமல் பிளக்கில் சொருகாதீர்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் சரி. 120 என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் அது எரிந்துபோகும். கூரியரில் வரவழைத்தால் சுங்க வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் கணக்கிடமாட்டார்கள், அனுப்பும் செலவையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். மலிவு விலை எஞ்சின் கைக்கு வரும்போது மலிவாக இருக்காது.

டிசி, டிசிசி வித்தியாசம் தெரியாமல் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. டிசியில் தண்டவாளத்துக்குத் தரும் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுகிறோம். டிசிசியில் தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை போகும், அதைப் புரிந்துகொண்டு எஞ்சினை ஓட்டுவது உள்ளே இருக்கும் டீகோடர் என்ற சிறு சர்க்யூட். டீகோடர் இல்லாத டிசி எஞ்சினை டிசிசி தண்டவாளத்தில் நிறுத்திவைத்தால் மோட்டார் ரீங்கரித்துச் சூடாகும். 'டிசிசி ரெடி' என்று போட்டிருந்தால் சாக்கெட் மட்டும்தான் இருக்கும், டீகோடரைத் தனியாக வாங்கவேண்டும். ஜெர்மன் கம்பெனியான மேர்க்லினின் எச்ஓ எஞ்சின் நடுவில் மூன்றாவது தொடுமுனை உள்ள தண்டவாளத்துக்கானது. அதைச் சாதாரண இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால் ஷார்ட் ஆகும்.

பழைய எஞ்சின் வாங்கினால் மேல்மூடியைக் கழற்றிய படத்தைக் கேட்டு வாங்குங்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த அடிச்சட்டத்தில் (சேசிஸ்) மயிரிழை விரிசலோ உப்பலோ தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள், அது நாளடைவில் உதிர்ந்துபோகும். பற்சக்கரத்தில் கிரீஸ் இறுகியிருப்பது பெரிய குறையில்லை, சுத்தம் செய்துகொள்ளலாம்.

இனி உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பியே என்ன பாடுபடுகிறது என்று நமக்குத் தெரியும். விலை குறைவு என்று எஃகுத் தண்டவாளம் வாங்கினால் சீக்கிரமே துரு ஏறிவிடும். பித்தளை கறுத்து கரண்டைத் தடுக்கும். நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவைத் தண்டவாளமாகக் கேட்டு வாங்குங்கள். ஆனிச் சாரலிலும் நனைந்து ஐப்பசி மழையிலும் நனைகிற மாவட்டம் இது. தண்டவாளம் பதிக்கும் பலகைக்கு பார்ட்டிகிள் போர்டு வேண்டாம், ஈரம் குடித்து ஊதிவிடும். ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் பலகை கோணினால் அதன்மேல் இருக்கும் எல்லாமே கோணிவிடும். தண்டவாளத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். அந்தக் கீறல்களில்தான் அழுக்கு மேலும் தங்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியே போதும்.

கடைசியாக, தண்டவாளத்தைச் சுற்றிப் பரப்ப காசு கொடுத்து ஜல்லித்தூள் வாங்குவதற்குப் பதிலாகக் கடற்கரை மணலை அள்ளிவந்து ஒட்டுவது. மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பு மணல் பார்க்க மிக அழகு. அதில் இல்மனைட் உண்டு, தோரியம் உள்ள மோனசைட்டும் உண்டு. மத்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை அங்கே பிரித்தெடுப்பது இவற்றைத்தான். வீட்டுக்குள், அதுவும் குழந்தைகள் கைபடும் இடத்தில், வைக்கக்கூடிய பொருளில்லை அது. எஞ்சினுக்கும் ஆகாது. அந்த மணலை வெள்ளைத் தாளில் பரப்பி அடியில் நல்ல காந்தம் ஒன்றை நகர்த்தினால், கறுப்புத் துகள்கள் தனியே பிரிந்து காந்தத்தின் பின்னாலேயே ஊர்ந்து போகும். எஞ்சின் மோட்டாருக்குள்ளும் காந்தம்தான் இருக்கிறது. அது ஓடும்போது அதே துகள்களை இழுத்துக்கொள்ளும், பற்சக்கரத்திலும் ஏறும். நம் குவாரிகளில் கிடைக்கும் எம்-சாண்டை, அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணலை, அலசி, காயவைத்து, சல்லடையில் சலித்தால் எச்ஓ அளவுக்கு நல்ல ஜல்லி கிடைக்கும். அதையும் காந்தம் வைத்துச் சோதித்த பிறகே ஃபெவிகால் கரைசலை ஊற்றுங்கள். ஒட்டிக் காய்ந்துவிட்டால் தண்டவாளத்தைப் பெயர்க்காமல் அதை எடுக்க முடியாது.