பிரிட்டிஷ் துணை நடிகர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

கதாநாயகனின் வாழ்க்கையை எழுதுபவருக்கு அவருடைய படங்களின் வெற்றி தோல்விகளே அத்தியாயங்களைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஒரு படத்தில் பத்து நிமிடம், அடுத்ததில் ஒரே காட்சி என்று நாற்பது ஆண்டுகளைக் கடந்த துணை நடிகரை எழுதுபவருக்கு அந்த வசதி இல்லாததால், பலரும் படப் பட்டியலை ஆண்டுவாரியாக அடுக்கி, ‘குணச்சித்திர நடிப்பில் முத்திரை பதித்தார்’ என்று முடித்துவிடுகிறார்கள். இந்தக் குறையைத் தவிர்க்கும் வழியை டென்ஹோம் எலியட்டை (1922–1992) முன்வைத்து விளக்கலாம். இண்டியானா ஜோன்ஸ் படங்களில் மார்கஸ் பிராடியாக வந்தவர் என்றால் பலருக்கு முகம் நினைவுக்கு வரும்.

முதலில், திரைக்கு வராத ஆண்டுகளைத் திரட்ட வேண்டும். அந்தத் தலைமுறை பிரிட்டிஷ் நடிகர்களை எழுதும்போது 1939 முதல் 1945 வரை எங்கே இருந்தார்கள் என்பதை விட்டுவிடவே கூடாது. லண்டனின் புகழ்பெற்ற ராடா நாடகப் பள்ளியில் பயிற்சியை முடிக்காமலே வெளியேறிய எலியட், விமானப்படையில் வயர்லெஸ் இயக்குபவராகச் சேர்ந்தார். 1942 செப்டம்பரில் அவர் சென்ற ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் ஜெர்மானியக் கரையோரக் கடலில் வீழ்ந்தது. போரின் எஞ்சிய காலத்தை, அன்று ஜெர்மனியின் பகுதியாக இருந்த சைலீசியாவின் லாம்ஸ்டார்ஃப் போர்க்கைதி முகாமில் கழித்த அவர், அங்கே சக கைதிகளோடு சேர்ந்து நாடகம் போட்டார். பள்ளியில் முடிக்காத பயிற்சியை அந்த முகாம் மேடையில்தான் பெற்றார் என்று எழுதினால் மிகையாகாது என்பது என் கருத்து.

அடுத்து, எல்லாப் படங்களையும் தொடாமல் மூன்று நான்கு காட்சிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாருங்கள். இரண்டாவது முறை, மற்றவர் பேசும்போது நம் நடிகர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். 1966-இல் வந்த ‘ஆல்ஃபி’ படத்தில் அவர் கருக்கலைப்பு செய்பவராக வருகிறார். பிரிட்டனில் கருக்கலைப்பை அனுமதித்த சட்டம் 1967-இல்தான் நிறைவேறியது என்பதைக் குறிப்பிட்டால்தான், அந்த மனிதரின் வறண்ட, கணக்குப் பார்க்கும் தொனி ஏன் அச்சுறுத்துகிறது என்பது இன்றைய வாசகருக்கு விளங்கும். நேர்மாறான உதாரணம் 1989-இல் வந்த மூன்றாவது இண்டியானா ஜோன்ஸ் படத்தில் உண்டு. பிராடிக்குப் பல மொழிகள் தெரியும், கூட்டத்தில் கலந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நாயகன் அளந்துவிடுகிறான். அடுத்த கணமே, சந்தை நெரிசலில் திருதிருவென்று விழித்தபடி, ஆங்கிலம் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார் பிராடி. நகைச்சுவையைக் கட்டியெழுப்பும் வேலை நாயகனுடையது. அதை வெடிக்க வைப்பதோ எலியட்டின் முகம். இப்படி ஒரு காட்சியைப் பிரித்துக் காட்டுவது பத்துப் புகழுரைகளை விட மேலானது.

விருதுகளை எழுதும்போது படம் வந்த ஆண்டையும் விழா நடந்த ஆண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதை எலியட் 1984, 1985, 1986 ஆகிய மூன்று விழாக்களில் தொடர்ந்து பெற்றார். முதல் விருதுக்குரிய ‘டிரேடிங் பிளேசஸ்’ 1983-இல் வெளிவந்த படம். 1987 ஆஸ்கர் விழாவில் ‘எ ரூம் வித் எ வியூ’ படத்துக்காகப் பரிந்துரைக்கப்பட்டார். அந்த விருது மைக்கேல் கெய்னுக்குப் போனது. இருபது ஆண்டுகளுக்கு முன் ‘ஆல்ஃபி’யில் நாயகனாக நடித்தவர் அதே கெய்ன்தான் என்பதால், இரு செய்திகளையும் அருகருகே வைத்தால் பத்திக்கு உயிர் வரும்.

குடும்பச் செய்திகளுக்கு அதிக இடம் தேவையில்லை. நடிகை வர்ஜீனியா மெக்கென்னாவுடனான முதல் திருமணம் 1954-இல் நடந்து சில ஆண்டுகளில் முறிந்தது என்ற ஒரு வரியே போதும். இறப்பை மட்டும் நேராக எழுதிவிடுங்கள்: 1992 அக்டோபர் 6 அன்று ஸ்பெயினின் இபீசா தீவில், எய்ட்ஸ் பாதிப்பால் வந்த காசநோயால் அவர் இறந்தார். ‘நீண்டகால நோய்’ என்று பூசி மெழுகுவதும், அந்த நோயையே வாழ்க்கையின் மையமாக்குவதும் ஒரே அளவு தவறு. அந்தச் செய்தியைக் காலவரிசையில் அதற்குரிய இடத்தில் ஒரே வாக்கியமாக வைத்தால் போதுமானது.